வாஷிங் மெஷினுக்குச் சொன்னது

அந்த வீட்டில் இரண்டு மிக்ஸி, இரண்டு இஸ்திரிப் பெட்டி, இரண்டு குக்கர், இரண்டு கெட்டில். சமையலறைக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் இது என்ன சாமான் கடையா என்று கேட்பார்கள். சண்டைதான் அங்கே அப்படிக் கடை விரித்திருந்தது. பெரிய மருமகளுக்கும் சின்ன மருமகளுக்கும் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருஷம் ஆகிறது. பிரிக்க முடியாமல் பொதுவில் நின்றவை இரண்டே இரண்டு, ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும். ஃப்ரிட்ஜில் மேல்தட்டு பெரியவளுக்கு, கீழ்த்தட்டு சின்னவளுக்கு, கதவோரம் மாமியாருக்கு. வாஷிங் மெஷினுக்குத் தட்டு கிடையாது என்பதால் காலையில் பெரியவள், மாலையில் சின்னவள் என்று ஏற்பாடு.

பேச்சு நின்றதே தவிர வாய் நிற்கவில்லை. வாய் இரண்டு பேருக்கும் முன்னைவிட நன்றாகவே ஓடியது. ஆளைப் பார்த்துப் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதையெல்லாம் ஜாடையாக, பக்கத்தில் இருக்கிற சாமானிடம் சொல்வார்கள். "ஃபில்டர்ல முடி முடியா அடைச்சுக்கிட்டு நிக்குது, சில பேருக்குத் தலை மட்டும்தான் இருக்கு" என்று பெரியவள் வாஷிங் மெஷினிடம் சொல்வாள். "அடுத்தவங்க அழுக்கை நோண்டிப் பாக்கறதும் ஒரு பொழப்பு" என்று சின்னவள் ஃப்ரிட்ஜைத் திறந்து அதனிடம் சொல்லி, கதவைப் படாரென்று சாத்துவாள். அந்த வீட்டு ஃப்ரிட்ஜின் ரப்பர் சீக்கிரமே போனதற்குக் காரணம் இதுதான்.

ஆரம்பம் ஒரு மிக்ஸி ஜார். சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் பெரியவளின் ஜாரில் ஐஸ்கட்டியைப் போட்டு ஓட்டி பிளேடை உடைத்துவிட்டாள். பெரியவள் அவள் அம்மாவை இழுத்துப் பேசினாள். சின்னவளின் அம்மா செத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அன்றைக்கு மூடிய கதவு மூடியதுதான். சின்னவள் வேலை பார்ப்பது ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில். முகம் தெரியாத ஆட்களிடம் நாளெல்லாம் தேன் ஒழுகப் பேசிவிட்டு வந்து, வீட்டில் ஓரகத்தியைக் கண்டால் உதட்டைத் தைத்துக்கொள்வாள்.

பெரியவள் ஒரு தையல் ஆலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்தில் விரித்து, இழுத்து, உதறிப் பார்த்து, குற்றம் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவாள். சுவருக்குப் பெயிண்ட் அடித்தால் திட்டுத்திட்டாக இருக்கிறது என்பாள். சோறு குழைந்தது என்பாள், கட்டில் ஆடுகிறது என்பாள். சின்னவளின் புருஷனான கொழுந்தன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ரிஜெக்ட்டு. நேரில் அண்ணி என்பான், முதுகுக்குப் பின்னால் ரிஜெக்ட்டு. அது அவளுக்கும் தெரியும். தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சின்னவள் நிறைமாசமாக இருந்தபோது வாஷிங் மெஷின் மண்டையைப் போட்டது. கடைசியாகச் சுற்றும்போது தண்டவாளத்தில் ரயில் போகிற மாதிரி ஒரு சத்தம் போட்டு, கூடம் முழுக்கத் தண்ணீரை விட்டுவிட்டு ஓய்ந்தது. ரிப்பேர்காரன் திறந்து பார்த்துவிட்டு, புதுசு வாங்கிக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கே மாமியார் கூட்டம் போட்டாள். கூட்டம் என்றால் அவள் சோபாவில் இருப்பாள், மற்றவர்கள் நிற்பார்கள்.

"தவணைக்கு ஒரு சாமான்தான் எடுக்க முடியும். மெஷின் இல்லாம இந்த வீடு ஓடாது. நாளைக்குப் பிள்ளை வந்தா நாள் முழுக்கத் துணி. மெஷின் எடுத்துருவோம்" என்றாள்.

"அப்ப தொட்டில்?" என்றான் கொழுந்தன்.

"அதுக்கென்ன, பரண்லதான் இருக்கே. நான் பாத்துப் பாத்து வாங்கினது. ரெண்டு பிள்ளைங்க வளந்த தொட்டில்."

பெரியவள் பரணை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தத் தொட்டிலைப் பற்றி அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. நாலு பக்கமும் மரக் கம்பி வைத்த தொட்டில். ஒரு பக்கத் தடுப்பை மட்டும் ஏற்றி இறக்கலாம், ஏற்றினால் கொக்கியில் உட்காரும். மூத்த மகள் வளர்ந்தவரை ஒரு குறையும் இல்லை. இளைய மகள் எழுந்து நிற்கப் பழகிய சமயம், ஒரு நாள் மத்தியானம், குழந்தை தடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடியே முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்தது. கொக்கி நழுவித் தடுப்பு சர்ரென்று இறங்கியது. குழந்தை தலைகீழாக விழுந்தது. மடிப்பதற்காகக் கீழே கொட்டி வைத்திருந்த துணிக் குவியலில் விழுந்ததால் ஒரு கீறல் இல்லை. துணி அங்கே இல்லாமல் வெறும் தரையாக இருந்திருந்தால் என்று நினைக்கப் போவாள், பாதியிலேயே நிறுத்திவிடுவாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை. மாமியார் தெரு முழுக்கப் பெருமை அடித்த தொட்டில் அது. அதைக் குறை சொன்னால், நீ ஒழுங்கா மாட்டியிருக்க மாட்ட என்று பதில் வரும், அப்புறம் அதுவே வருஷக்கணக்கில் பாட்டாகும். பாவாடை நாடாவை எடுத்துத் தடுப்பை இறுக்கிக் கட்டினாள். குழந்தை வளர்ந்ததும் தொட்டிலைப் பரணில் ஏற்றினாள். தலைவலி தீர்ந்தது என்று நினைத்தாள்.

இப்போது அது இறங்கி வரப் போகிறது. அதில் படுக்கப் போவது தனக்கு ஆகாதவளின் பிள்ளை. ஆகாதவள் ஆகாதவள்தான், அதில் மாற்றமில்லை. பிள்ளை என்ன செய்தது?

முதலில் புருஷனிடம் சொன்னாள். அவன் ஏணி போட்டு ஏறி, பரணிலேயே வைத்துத் தடுப்பை மாட்டி, வெளியிலிருந்து இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்தான்.

"கல்லு மாதிரி நிக்குது. குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போ. என்னை ஏன் ஏணி ஏற வைக்கற?"

"வெளிய இருந்து ஆட்டினா நிக்கும். உள்ள இருந்து சாஞ்சாத்தான் விடும்."

"அப்ப நான் உள்ள போய்ப் படுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனான்.

மாமியாரிடம் போனாள். மாமியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உன் பிள்ளைங்களுக்கு நல்லா இருந்த தொட்டில் அவ பிள்ளைக்கு மட்டும் கெட்டுப்போச்சா?"

"அப்பவே கெட்டதுதான் அத்தை."

"அப்ப ஏன் அன்னைக்குச் சொல்லல?"

 இதற்குப் பெரியவளிடம் இருந்த பதிலை மாமியாரின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. கண்டதையெல்லாம் ரிஜெக்ட் பண்ணிப் பண்ணி, நிஜமாகவே ரிஜெக்ட் பண்ண வேண்டியது வந்தபோது அவள் வார்த்தைக்கு மதிப்பில்லாமல் போனது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. எல்லோர் மேலும் வந்தது, தன் மேலும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கடைக்குப் போனது. கீழ்த்தளம் முழுக்க மெஷின்கள், மேல்தளத்தில் குழந்தைச் சாமான்கள். மாமியார் விற்பனைக்கு வைத்திருந்த சாய்வு நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்துகொண்டாள், கடைசிவரை எழுந்திருக்கவில்லை. விற்பனைப் பையன், கழுத்து டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்க, ஓடி வந்தான்.

"சொல்லுங்க மேடம், டாப் லோடா ஃப்ரண்ட் லோடா?"

பெரியவள் முன்பக்கம் கதவு வைத்த மெஷினின் கண்ணாடியைத் தட்டி, "துணி கிழியாம துவைக்கறது இதுதான். துணியோட அருமை தெரிஞ்சவங்க இதைத்தான் எடுப்பாங்க" என்று அதனிடம் சொன்னாள்.

சின்னவள் மேலே மூடி திறக்கிற மெஷினின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "வயித்தைக் கிழிச்சுப் பிள்ளை பெத்தாலும் பெக்கணும், அப்புறம் யாரு குனிஞ்சு துணி எடுக்கறது? அதெல்லாம் பெத்தவங்களுக்கே மறந்துபோகுது" என்று அதனிடம் சொன்னாள்.

பையன் ஒரு மெஷினைப் பார்த்தான், இன்னொரு மெஷினைப் பார்த்தான். யாரிடம் பதில் சொல்வது என்று தெரியாமல் ஒன்றின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். உள்ளே யாரும் இல்லை.

"பச்சைக் குழந்தைத் துணிக்குச் சுடுதண்ணி வாஷ் வேணும்னா ஃப்ரண்ட் லோடுதான் நல்லது" என்றான் பொதுவாக.

இன்னொரு நாளாக இருந்தால் பெரியவள் அதைப் பிடித்துக்கொண்டு வெற்றிக்கொடி நாட்டியிருப்பாள். அந்த மெஷினுக்கு அவள் வருஷக்கணக்காக ஆசைப்பட்டிருந்தாள். ஆனால் மேல்தளத்துக்குப் போகும் படிக்கட்டோரம் ஒரு தொட்டில் இருந்தது. நாலு பக்கமும் அசையாத தடுப்பு, ஏற்ற இறக்க ஒன்றும் கிடையாது. அதைப் பார்த்ததும் அவள் புருஷனின் பக்கம் திரும்பி, சின்னவளுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"என்னங்க, மெஷின் அடுத்த தவணைக்கு இருக்கட்டும். நான் கையால துவைச்சுக்கறேன், எல்லாத் துணியும். இப்ப பிள்ளைக்குப் புதுத் தொட்டிலா எடுத்துருவோம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சாய்வு நாற்காலியில் மாமியார்கூட நிமிர்ந்துவிட்டாள். பெரியவள் வாயிலிருந்து விட்டுக்கொடுக்கிற வார்த்தை வந்து அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பையன்கூட ஒரு அடி பின்னால் போனான்.

சின்னவள் மெஷினின் மூடியை மெதுவாகச் சாத்தினாள்.

"இப்பல்ல புரியுது" என்று மூடியிடம் சொன்னாள். "ஒரு பழைய தொட்டிலை எம் பிள்ளைக்குத் தர மனசில்லாம, ஆசைப்பட்ட மெஷினையே விட்டுக் குடுக்கறாங்கன்னா, அந்த வயித்தெரிச்சல் எவ்வளவு பெருசு பாரு." பிறகு தன் புருஷனிடம் திரும்பி, "எனக்குப் புதுசு வேணாங்க. பரண்ல இருக்கறதுதான் வேணும். அவங்களுக்குப் பிடிச்ச மெஷினையே எடுங்க. நான் குனிஞ்சுக்கறேன்" என்றாள்.

பெரியவள் வாயைத் திறந்தாள். 'அது விழும், உன் பிள்ளை அதிலிருந்து விழும்' என்று நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மூன்று வருஷப் பழக்கம் விடவில்லை. கண் தானாகவே மெஷினிடம் போனது.

"நல்லதுக்குச் சொன்னாலும் சில பேருக்கு உறைக்காது" என்றாள். "பட்டாத்தான் தெரியும்."

சொல்லி முடித்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிள்ளைத்தாய்ச்சியின் காதில் அது சாபமாக விழும் என்பது அதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சின்னவளின் கண் கலங்கியது. கொழுந்தன் பல்லைக் கடித்தான். மாமியார் நாற்காலியிலிருந்தே, "இந்த நாக்குல என்னைக்குத்தான் ஈரம் வரும்" என்றாள். ஃப்ரண்ட் லோடு மெஷின் வீட்டுக்கு வந்தது. பெரியவள் அதில் முதல் துணியைப் போட்டபோது ஒரு சந்தோஷமும் இல்லை.

தொட்டில் பரணிலிருந்து இறங்கியது. சின்னவள் மூச்சு வாங்க வாங்க அதைத் துடைத்தாள், மஞ்சள் நிறத்தில் மெத்தை தைத்துப் போட்டாள், கம்பிகளுக்கு நடுவே ரிப்பன் கட்டினாள். போகிறபோதும் வருகிறபோதும் அதைப் பெரியவளின் கண்ணில் படும்படி கதவைத் திறந்தே வைத்தாள். ஆள் இல்லாத சமயம் பார்த்துப் பெரியவள் உள்ளே போய்த் தடுப்பை நாடாவால் கட்டிவிட்டு வந்தாள். மறுநாள் அந்த நாடா குப்பைக் கூடையில் கிடந்தது. "தொட்டிலுக்குக்கூடக் கட்டுப் போட வந்துட்டாங்க" என்று ஃப்ரிட்ஜிடம் சின்னவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவள் இன்னொரு தடவை கட்டினாள். இந்தத் தடவை சின்னவள் தன் அறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டாள்.

ஆபரேஷனில் ஆண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வருகிற அன்று காலை எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரியவள் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். சமைக்க ஆள் வேண்டுமே என்று மாமியாரே சொல்லிவிட்டாள். சின்னவளின் அறையைப் பெருக்கி வைக்கச் சொல்லிச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் பெருக்கினாள், துடைத்தாள், மெத்தையை உதறிப் போட்டாள். பிறகு தொட்டிலின் முன்னால் நின்றாள். தடுப்பை ஏற்றி மாட்டினாள். உள்ளே கையை விட்டு முழங்கையால் சாய்ந்தாள். கொக்கி நின்றது. தண்ணீர்க் கேனைத் தூக்கி உள்ளே வைத்துத் தடுப்பின் மேல் சாய்த்தாள். நின்றது. இன்னும் பலமாக அமுக்கினாள். அப்போதும் நின்றது.

அவளுக்கு வியர்த்துவிட்டது. ஒருவேளை எல்லோரும் சொல்வதுதான் சரியோ? அன்றைக்குத் தானே சரியாக மாட்டாமல் விட்டிருப்போமோ? கொடுக்க மனசில்லாமல்தான் இத்தனையும் செய்கிறோமோ? தன் மனசை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. அதில் வன்மமும் இருந்தது. இல்லை என்று அவளே சொல்ல மாட்டாள். ஆனால் தலைகீழாகப் போன அந்தச் சின்ன உடம்பை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். வன்மம் எத்தனை இருந்தாலும் பார்த்தது பார்த்ததுதான்.

பிறந்த பிள்ளை இன்றைக்கே சாயப் போவதில்லை. எழுந்து நிற்க நாளாகும். ஆனால் ஒரு ராத்திரி அதில் தூங்கிவிட்டால் அப்புறம் அது பிள்ளையின் தொட்டில், யாரும் கை வைக்க முடியாது. பிள்ளை நிற்கப் பழகுகிற அன்றைக்கு அந்தத் தரையில் துணி கிடக்குமா கிடக்காதா என்று யாருக்குத் தெரியும்?

ஆலையில் அவள் குற்றம் கண்ணில் படாமல் ஒரு சட்டையைக்கூடத் தள்ளியதில்லை. அன்றைக்குத் தள்ளினாள். கருவிப் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்து வந்து, முதலில் கொக்கியை அடித்துப் பெயர்த்தாள். அதை மட்டும் உடைத்தால் புருஷன் வேறொன்று மாட்டிவிடுவான் என்று தோன்றியது. தடுப்பின் கம்பிகளை ஒவ்வொன்றாக உடைத்தாள். ரிப்பன்களை மட்டும் அவிழ்த்து எடுத்து மடித்து வைத்தாள்.

அவர்கள் வந்தபோது அவள் மரத்துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.  முதலில் கொழுந்தன் பேசினான். அண்ணி என்ற சொல்லை விட்டுவிட்டு ரிஜெக்ட்டு என்று முகத்துக்கு நேராகவே சொன்னான், இன்னும் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னான். புருஷன் அவனைத் தடுக்கவில்லை. மாமியார் உடைந்த கம்பி ஒன்றைக் கையில் எடுத்து, "என் கையால வாங்கினது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"கொக்கி நிக்காது அத்தை" என்றாள் பெரியவள். அவள் காதுக்கே அது நொண்டிச் சாக்காகக் கேட்டது.

 சின்னவள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு மாமியாரின் அறைக்குப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். ஜாடைகூடப் பேசாத வெறுப்பு அது. மூன்று வருஷத்தில் பெரியவளுக்கு உண்மையிலேயே வலித்தது அந்தத் தாழ்ப்பாள் சத்தம்தான்.

முடியவே முடியாது என்ற புதுத் தொட்டில் மறுநாளே வந்துவிட்டது. கோபம் வந்தால் எல்லோருக்கும் எல்லாம் முடிகிறது. ஆனால் கொழுந்தன் அவசரத்தில் எடுத்து வந்தது கடையில் அவள் பார்த்த அசையாத தடுப்புத் தொட்டில் இல்லை. இதிலும் ஒரு பக்கம் ஏறி இறங்கியது. வீட்டில் யாரும் பெரியவளோடு பேசவில்லை. அவள் மகள்கள்கூட அம்மா அப்படி ஏன் செய்தாய் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பாப்பாவைப் பார்க்க ஓடினார்கள்.

பிள்ளைத் துணிகளைச் சுடுதண்ணீரில் துவைத்து, உலர்த்தி, மடித்து எடுத்துக்கொண்டு அவள் சின்னவளின் அறை வாசலில் போய் நின்றாள். சின்னவள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தடுப்பை ஏற்றிக்கொண்டிருந்தாள். கொக்கி டக்கென்று விழுந்தது. கையால் வெளியிலிருந்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துத் திருப்தியோடு நிமிர்ந்தாள்.

பெரியவள் பக்கத்தில் இருந்த பீரோவைப் பார்த்தாள். வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டுக் கண்ணைத் திருப்பி, சின்னவளையே பார்த்தாள்.

"வெளிய இருந்து ஆட்டினா தெரியாது" என்றாள். "உள்ள இருந்து சாஞ்சு பாரு. என் சின்ன மக அப்படிச் சாஞ்சுதான் தலைகுப்புற விழுந்தா. கீழ துணி கிடந்துச்சு, பொழச்சா."

சின்னவள் திரும்பவில்லை.  தொட்டிலுக்குள் குனிந்து, பிள்ளையிடம் பேசினாள்.

"பாத்தியாடா கண்ணு, ஒண்ணை உடைச்சாச்சு. உன் பெரியம்மாவுக்கு இப்ப இது மேலயும் கண்ணு."

பெரியவள் துணிகளை வாசலருகே ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரும்பினாள். கூடத்துக்கு வந்தபின் தன்னையும் அறியாமல் ஒருமுறை பின்னால் பார்த்தாள். சின்னவள் பிள்ளையைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியிருந்தாள். தொட்டிலுக்குள் இரண்டு கையையும் விட்டு, தையல் போட்ட வயிறு வலிக்க வலிக்க, முழு உடம்பின் பாரத்தையும் போட்டுத் தடுப்பின் மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.